காது கொடுத்துக் கேள் – 9: பெரட்டுக்குக் கூப்பிட்ட குரல்

கிள்ளானில் அக்கா வீடு. ஞாயிறு மதியம். அக்கா மகன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "மாமா, இதக் கொஞ்சம் கேளுங்க. பாட்டி கத்துற எடத்துல மட்டும் கரகரங்குது" என்றான்.

பால்மரம் வெட்டிய காலத்துக் கதையைப் பாட்டியைச் சொல்ல வைத்துப் பதிவு செய்திருந்தான். ஆரம்பத்தில் பாட்டி கூச்சத்தில் முணுமுணுக்க, சத்தம் பத்தவில்லை என்று இவன் மைக் லெவலை நூறுக்கே ஏற்றிவிட்டான். அரை மணி நேரம் போனதும் கூச்சம் போய்விட்டது. விடிகாலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் கங்காணி எப்படிக் கத்துவார் என்று பாட்டி கத்தியே காட்டியிருக்கிறார். கதையின் உயிர் அதுதான், கிழிந்ததும் அதுதான்.

திரையைப் பார்த்தாலே தெரிந்தது. அலையின் முனைகள் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் தட்டை. கணினியில் ஒலியின் உச்சம் பூஜ்யம் டெசிபல், மற்றதெல்லாம் மைனஸ். 16 பிட் பதிவில் 65,536 படிகள். கடைசிப் படியைத் தொட்டபின் எவ்வளவு கத்தினாலும் அதே படிதான். பிறகு ஒலியைக் குறைத்தால் தட்டை முனை சின்னதாகும், கூராகாது.

பழைய ஆட்கள் இங்கேதான் வழுக்குவார்கள். 1939இல் பெல் ஆய்வுக்கூடமும் சிபிஎஸ், என்பிசி நிலையங்களும் சேர்ந்து கொண்டுவந்த வியூ மீட்டரில் பூஜ்யத்துக்கு அப்பாலும் சிவப்பில் கொஞ்சம் இடம் உண்டு. முள் அங்கே எட்டிப் பார்த்தாலும் டேப் ஓரளவு தாங்கிக்கொள்ளும். கணினியின் பூஜ்யம் வேறு ஜாதி.

அடாசிட்டியைத் திறந்து, விண்டோஸில் மைக் பூஸ்ட் 20 டெசிபலில் நின்றதை முதலில் இறக்கினேன். "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்லி லெவல் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படி யாரும் கதை சொல்வதில்லை.

"அத்தை, மொதல்ல அந்தக் கங்காணி மாதிரி கத்துங்க."

"சும்மா எப்படிப்பா கத்துறது?" என்று சிரித்தவர், கத்தினார். அந்தக் கத்தல் மைனஸ் ஆறில் நிற்கும்படி லெவலை வைத்தேன். சாதாரணப் பேச்சு மைனஸ் இருபது பக்கம் ஆடியது. பையனுக்கு முகம் வாடிவிட்டது: "ரொம்பக் கம்மியா இருக்கே, மாமா."

கம்மியாக இருந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். 16 பிட்டிலேயே ஏறத்தாழ 96 டெசிபல் இடம் இருக்கிறது. சிக்கல் காற்றாடிதான்: குரலை ஏற்றினால் அதன் இரைச்சலும் கூடவே ஏறும். எனவே காற்றாடியை நிறுத்திவிட்டு, இரண்டு சாண் தள்ளியிருந்த மைக்கை ஒரு சாணுக்கு இழுத்தேன். தூரம் பாதியானால் குரல் ஆறு டெசிபல் போலக் கூடும். அறையின் இரைச்சல் இருந்தபடியே இருக்கும். ஏறிய ஆறை லெவலில் குறைத்துக்கொண்டேன். வாய்க்கு நேரே வைக்காமல் சற்று ஓரமாக வைத்தால், 'பால்மரம்', 'பெரட்டு' என்று ஒவ்வொரு 'ப'வுக்கும் காற்று மைக்கில் வந்து மோதாது. (பிரிக்பீல்ட்ஸில் என் அறைக்கு இதெல்லாம் போதாது. துன் சம்பந்தன் சாலையின் மேலே மோனோரயில் போய் முடியும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.)

இரண்டாம் முறை பதிவு சுத்தமாக வந்தது. பையனுக்குத் திருப்தி. பாட்டிக்கு இல்லை. முதல் தடவை கத்தியபோது பக்கத்து வீட்டு நாய் குரைத்ததாம். இந்தத் தடவை அது அசையவே இல்லையாம்.

(தொடரும்)