ஏறும் முன் பார், இறங்கும் முன் பார்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவைத் தாண்டி மலை ஏறினால் போனக்காடு வரும். அகத்தியர்கூடம் மலைக்குப் போகிறவர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவார்கள். ஊரைச் சுற்றிக் காடு. மழை அதிகம். இங்கே வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு. தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்து கொழுந்து பறித்தன. பிறகு தேயிலை ஆலை மூடப்பட்டது. தோட்ட வேலை நின்றது. கூலி தேடிப் பலர் மலையை விட்டு இறங்கினார்கள்.

தோட்டத்தை விட்டவர்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் ஒன்று கட்டட வேலை. கொழுந்து பறித்தவருக்கு அட்டை தெரியும், பாம்பு தெரியும், வழுக்குப் பாறை தெரியும். சாரமும் வானமும் அவருக்குப் புதிது. புது இடத்தில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதும் வேலையில் ஒரு பகுதிதான்.

கட்டட வேலையில் உயிரைப் பறிப்பவை முக்கியமாக நான்கு. உயரத்திலிருந்து விழுவது. மண் சரிவது. மின்சாரம் தாக்குவது. மேலிருந்து பொருள் விழுவது.

சாரம்

சாரத்தில் ஏறும் முன் அதை ஒரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும். கம்பின் அடி கெட்டியான தரையில் நிற்கிறதா? சேற்றிலோ உடைந்த செங்கல்லின் மீதோ நிற்கக் கூடாது. கயிறு இற்றுப் போயிருக்கிறதா? மழையில் நனைந்து காய்ந்த கயிறு தளர்ந்துவிடும். சாரம் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா? பலகையின் இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்கின்றனவா? கட்டாத பலகையின் ஓரத்தில் கால் வைத்தால், மறுமுனை தூக்கிக்கொள்ளும். ஆள் கீழே போவார்.

விளிம்பில் இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பு வேண்டும். உயரமான இடத்தில் பாதுகாப்புப் பெல்ட் போட வேண்டும். பெல்ட்டைப் போட்டால் மட்டும் போதாது. அதன் கொக்கியை உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும்.

ஏணிக்கு ஒரு கணக்கு உண்டு. நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். 12 அடி உயரம் என்றால் 3 அடி தள்ளி. ஏணியின் தலை, இறங்கும் இடத்துக்கு மேலே 3 அடி நீண்டிருக்க வேண்டும்.

வானம்

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது மண் சரியலாம். மலைச் சரிவில், மழைக் காலத்தில் இந்த ஆபத்து மிக அதிகம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள மண் கட்டி ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். ஏறத்தாழ ஒரு காரின் எடை அது. நெஞ்சு வரை மண் மூடினாலே மூச்சு விட முடியாது. மூச்சை வெளியே விடும்போதெல்லாம் மண் இன்னும் இறுகும். தலை வெளியே இருந்தாலும் உயிர் போகும்.

அதனால் ஐந்து அடிக்கு மேல் ஆழம் என்றால், பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். அல்லது பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் ஓரத்தில் குவிக்கக் கூடாது. அந்தப் பாரமே கரையைத் தள்ளும். குறைந்தது ஐந்து அடி தள்ளிக் கொட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் ஏறி வர ஏணி வேண்டும். கரையில் வெடிப்பு தெரிந்தால், தண்ணீர் கசிந்தால், சிறு மண் உதிர்ந்தால் உடனே வெளியே வர வேண்டும்.

மண் சரிந்து ஒருவர் சிக்கினால் மற்றவர்கள் குழிக்குள் குதிக்கக் கூடாது. இன்னொரு சரிவு வரலாம். உடனே 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

மின்சாரம்

ஒயரின் முனையைச் சீவி, பிளக் இல்லாமல் தீக்குச்சி வைத்துச் செருகும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இது உயிரோடு விளையாடுவது. ஈரத் தரையில் கிடக்கும் கிழிந்த ஒயரும் அப்படித்தான். மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்தும் இ.எல்.சி.பி. கருவி வேலை இடத்தில் இருக்க வேண்டும்.

நீளக் கம்பியைத் தூக்கும் முன் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். மின் கம்பி போகிறதா? இரும்புக் கம்பியோ ஈர மூங்கிலோ அதில் பட்டால் போதும். ஒருவருக்கு ஷாக் அடித்தால் கையால் தொட்டு இழுக்கக் கூடாது. முதலில் மெயினை நிறுத்த வேண்டும்.

பழைய வீடு

பழைய லயங்களைப் பழுது பார்க்கும் வேலைக்குத் தனிக் கவனம் வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடு பார்க்கக் கெட்டியாகத் தெரியும். காலை வைத்தால் உடையும். அதன் மேல் நேராக நடக்கக் கூடாது. அகலப் பலகை போட்டு அதன் மேல்தான் நகர வேண்டும். ஆஸ்பெஸ்டாஸை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பழைய சுவரை மேலிருந்து கீழாகத்தான் இடிக்க வேண்டும். அடியில் குடைந்தால் முழுச் சுவரும் ஆள் மேல் சாயும். கீழே யாரும் நடக்காமல் கயிறு கட்டித் தடுக்க வேண்டும். எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும்.

யார் பொறுப்பு?

2014 ஜூன் 28 அன்று சென்னைக்கு அருகில் மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். அருகில் நின்ற இன்னொரு கட்டடமும் பாதுகாப்பானது அல்ல என்று 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

மண்ணின் பலத்தையும் தூணின் பலத்தையும் சித்தாள் கணக்கிட முடியாது. அது கட்டுகிறவரின் பொறுப்பு, பொறியாளரின் பொறுப்பு. ஹெல்மெட், பெல்ட், நல்ல சாரம், குடிநீர், முதலுதவிப் பெட்டி இவற்றைக் கொடுப்பதும் வேலை கொடுப்பவரின் கடமை. இவற்றுக்காகக் கூலியில் பிடிக்கக் கூடாது.

கேரளத்தில் 1989-இல் கட்டடத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. 1996-இல் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. உயிருக்கு உடனே ஆபத்து வரும் என்று நியாயமாகத் தோன்றினால், தொழிலாளி அதை முதலாளியிடம் சொல்லலாம். முதலாளி உடனே சரி செய்ய வேண்டும். இது புதிய சட்டத்திலும் இருக்கிறது.

18 வயது முடிந்து 60 வயது முடியாதவர்கள், கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால், நல வாரியத்தில் பெயர் பதியலாம். விபத்து நடந்த பிறகு பதிய ஓடினால் பயன் இல்லை. முன்பே பதிந்து அட்டை வாங்க வேண்டும்.

சேர்ந்து சொன்னால்

ஆபத்து தெரிந்தும் பலர் பேசாமல் இறங்குகிறார்கள். ஏன்? சொன்னால் நாளைக்கு வேலை இல்லை என்று மேஸ்திரி சொல்லிவிடுவாரோ என்ற பயம். அன்றைய கூலியில்தான் அடுப்பு எரிகிறது. இந்தப் பயம் பொய்யானது அல்ல.

ஆனால் ஒருவர் சொன்னால்தான் அவரை அனுப்ப முடியும். கொத்தனாரும் சித்தாளும் சேர்ந்து சொன்னால் எல்லோரையும் அனுப்ப முடியாது. "மேஸ்திரி, கரையில வெடிப்பு விட்டிருக்கு. முட்டுக் குடுங்க, உடனே இறங்குறோம்." இப்படிச் சொல்வதில் சண்டை இல்லை. வேலை செய்ய மாட்டோம் என்ற பேச்சும் இல்லை.

சாரத்தைச் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். முட்டுக் கொடுக்க அரை நாள் ஆகலாம். போனக்காடு போன்ற மலை ஊரில் ஒருவர் விழுந்து படுத்துவிட்டால், அந்த வீட்டின் வருமானம் மாதக் கணக்கில் நிற்கும். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் முழுதாக வீடு திரும்ப வேண்டும். கூலியோடு சேர்த்துக் கேட்க வேண்டியது இது.