நம்ம மாவட்டத்துக்குள்ள ரெண்டு நாடு!

காலை நேரத்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறியிருக்கீங்களா? எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கழுத்தில் ஐடி கார்டும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக ஒரு கூட்டம் ஏறும். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் ஒரே பெட்டியில் கேட்கும். அந்தக் கூட்டத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு சண்டை உண்டு.

"ஃபாரின் கம்பெனி வந்ததாலதான் நம்ம ஏரியா முன்னேறுச்சு!"

"அட போப்பா... நிலத்தைக் குடுத்துட்டு செக்யூரிட்டி வேலை வாங்கினோம். அதுதான் முன்னேற்றமா?"

ரெண்டு பேருமே சத்தியம் பண்ணாத குறையாகப் பேசுவார்கள். யார் சொல்றது சரி?

பதிலுக்கு முன்னாடி ஒரு குட்டி க்விஸ். சிங்கப்பூர் பெருசா, திருவள்ளூர் மாவட்டம் பெருசா? சிங்கப்பூரின் பரப்பு சுமார் 730 சதுர கிலோமீட்டர். மொரீஷியஸ் நாடு சுமார் 2,040. நம்ம திருவள்ளூர் மாவட்டமோ 3,400-க்கும் மேல்! அந்த ரெண்டு நாட்டையும் நம்ம மாவட்டத்துக்குள் வைத்தாலும் ஓரமாக இடம் மிச்சம் இருக்கும்.

நம்மைவிடச் சின்ன அந்தத் தீவுகள், வெளிநாட்டுப் பணத்தை நம்பியே வளர்ந்தவை. அங்கே நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் மறைக்க முடியாது. ஏரியில் ஒரு கல் விழுந்தால் தெரியாது, குடத்தில் விழுந்தால் தெரியும் இல்லையா? அதனால், நம்ம ஊர்ச் சண்டைக்குத் தீர்ப்பு தேடி தீவுகளுக்கு ஒரு ரவுண்டு போய் வரலாம். முதலில் ஊரில் நடந்ததைப் பார்த்துவிடுவோம்.

தேர்வாய்கண்டிகையில் நடந்தது

கும்மிடிப்பூண்டி தாலுகாவில் இருக்கும் கிராமம் தேர்வாய்கண்டிகை. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஊரை ஒட்டி ஆயிரம் ஏக்கருக்கும் மேல் மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் இருந்தன. ஆடு மாடு மேய்க்க, விறகு பொறுக்க, மூலிகை பறிக்க எல்லாமே அங்கேதான். ஏரிகளுக்கு மழைத்தண்ணீர் வந்து சேர்ந்ததும் அந்த நிலத்தின் வழியாகத்தான்.

அந்த இடத்தில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. பிரான்ஸ் நாட்டு டயர் நிறுவனமான மிச்செலின், 2009-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. முதலீடு 4,000 கோடி ரூபாய். லாரி, பஸ்களுக்கான ரேடியல் டயர் தொழிற்சாலை. ஊர் மக்கள் எதிர்த்தார்கள். மறியல், கைது, நீதிமன்றம் என்று விஷயம் நீண்டது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிங்க. பட்டா நிலத்தை அரசு எடுத்தால் நிலத்துக்காரருக்கு இழப்பீடு உண்டு. ஆனால், மேய்க்கால் புறம்போக்கு என்பது கணக்குப்படி அரசு நிலம். ஊர் முழுக்க தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினாலும், யார் பேரிலும் பட்டா கிடையாது. அப்போ மாட்டுக்கு மேய்ச்சல் போனதற்கும், அடுப்புக்கு விறகு போனதற்கும் யார், யாருக்கு, எந்தக் கணக்கில் பணம் கொடுப்பது? பேப்பரில் யாருமே எதையும் இழக்கவில்லை. ஊரில் எல்லாருமே இழந்திருந்தார்கள்.

2012-ல் விவகாரம் பாரிஸ் வரை போனது. பன்னாட்டு நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஓ.இ.சி.டி. அமைப்புக்கு ஒரு நெறிமுறை உண்டு. அதன்படி புகார்களை விசாரிக்க பிரான்ஸில் உள்ள தொடர்பு மையத்திடம், கிராமச் சங்கமும் சில இந்திய, பிரெஞ்சு அமைப்புகளும் சேர்ந்து முறையிட்டன. நிலத்தை ஒதுக்கியது அரசு, நாங்கள் சிப்காட்டிடமிருந்து முறைப்படி பெற்றோம் என்பது நிறுவனத்தின் தரப்பு. 2013-ல் வந்த முடிவு, நிறுவனம் நெறிமுறையை மீறவில்லை என்றது. கூடவே, மக்கள் மீதான பாதிப்புகளை ஆய்வு செய்யவும் பரிந்துரைத்தது.

தொழிற்சாலை வந்தது. டயர் உருள்கிறது. அதே வட்டாரத்தில் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டு, சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிறது. டயரும் தண்ணீரும் வெளியே போகின்றன. ஊருக்குள் என்ன வந்தது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியைத் தீவுகள் எப்படிச் சமாளித்தன?

சிங்கப்பூர்: கேட்டு வாங்கிய தீவு

1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூருக்கு விவசாய நிலமும் இல்லை, போதுமான குடிதண்ணீரும் இல்லை. போதாக்குறைக்கு, பிரிட்டன் தன் ராணுவ தளங்களை மூடப்போவதாக 1968-ல் அறிவித்தது. ஏகப்பட்ட பேருக்கு வேலை போகும் நிலை.

அவர்கள் கதவைத் திறந்தார்கள். 1961-லேயே தொடங்கியிருந்த பொருளாதார வளர்ச்சிக் கழகம் உலகம் முழுக்க அலைந்து கம்பெனிகளை அழைத்தது. சதுப்பு நிலமாக இருந்த ஜூரோங், தொழிற்பேட்டை ஆனது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற அமெரிக்க கம்பெனிகள் வந்தன.

வரிச்சலுகை கொடுத்தார்களா? கொடுத்தார்கள். ஆனால், அதோடு நிற்கவில்லை. வருகிற கம்பெனிகளோடு சேர்ந்து தொழிற்பயிற்சி மையங்கள் நடத்தினார்கள். 1986-ல் ஒரு திட்டம் போட்டார்கள். பன்னாட்டு கம்பெனியின் இன்ஜினீயர், உள்ளூர் சின்னப் பட்டறைகளுக்கு வழிகாட்டி, தரமான உதிரி பாகம் செய்யக் கற்றுத்தர வேண்டும். அவருடைய சம்பளத்தை அரசு ஏற்கும். சூப்பர்ல? கம்பெனி நாளைக்கே கிளம்பினாலும் கற்ற வித்தை ஊரோடு தங்கிவிடும்.

மொரீஷியஸ்: வந்ததும் தெரியும், போனதும் தெரியும்

ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும் இன்னொரு நாடு மொரீஷியஸ். 1968-ல் சுதந்திரம் அடைந்தபோது கரும்பைத் தவிர சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட், இந்தத் தீவின் எதிர்காலம் பற்றி 1961-லேயே கவலையோடு எழுதியிருந்தார்.

1970-ல் ஏற்றுமதி மண்டலம் தொடங்கினார்கள். ஹாங்காங் முதலாளிகள் வந்து தையல் ஆலைகள் வைத்தார்கள். முன்பு வீட்டைத் தாண்டாத பெண்கள் ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்க ஆரம்பித்தார்கள். மீட் பயந்தது நடக்கவில்லை.

ஆனால், அந்த முதலாளிகள் வந்தது தீவின் மேல் காதலால் இல்லை. அந்தக் காலத்தில் பணக்கார நாடுகள், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்று கோட்டா வைத்திருந்தன. ஹாங்காங்கின் கோட்டா தீர்ந்தால், மொரீஷியஸிலிருந்து அனுப்பலாம். 2005 ஜனவரி 1-ம் தேதி அந்த கோட்டா முறை முடிந்தது. பல ஆலைகள் மூட்டை கட்டின. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள், அதே பெண்கள்தான்.

இன்னொரு வேடிக்கை. பல வருடங்களாக இந்தியாவுக்கே அதிக அன்னிய முதலீடு அனுப்பிய நாடு எது தெரியுமா? அமெரிக்கா இல்லை. இந்தக் குட்டி மொரீஷியஸ்! காரணம், 1980-களிலிருந்து இருந்த வரி ஒப்பந்தம். எந்த நாட்டுப் பணமும் மொரீஷியஸ் விலாசம் ஒட்டிக்கொண்டு வந்தால், பங்கு விற்ற லாபத்துக்கு இங்கே வரி இல்லை. அதனால் தீவில் கணக்கர்களுக்கும் வக்கீல்களுக்கும் நல்ல வேலை. 2016-ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய பங்குகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒப்பந்தத் திருத்தத்தில் போட்ட ஒரு கையெழுத்து, தீவின் தொழிலையே ஆட்டிப்பார்த்தது. அடுத்தவர் சட்டத்தில் இருக்கும் சந்தை நம்பிப் பிழைத்தால் இதுதான் ரிஸ்க்.

இலங்கை: கடன் வேற, முதலீடு வேற

இலங்கை நமக்குத் தூரத்து ஊர் இல்லை. கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே வளர்ந்து நம்மோடு காலேஜில் படிப்பவர்களும் உண்டு.

1977-ல் பொருளாதாரத்தைத் திறந்த இலங்கை, 1978-ல் கட்டுநாயக்கவில் முதல் சுதந்திர வர்த்தக வலயத்தை ஆரம்பித்தது. கிராமத்துப் பெண்கள் விடுதிகளில் தங்கி தைத்த துணிதான் நாட்டுக்கு டாலர் கொண்டுவந்தது. தீவுக்கு டாலர் என்பது ஆக்சிஜன் மாதிரி. பெட்ரோல், மருந்து, பால் பவுடர் எல்லாமே கப்பலில் வரணும்.

அடுத்து ஹம்பாந்தோட்டை துறைமுகம். இதைப் பலரும் 'சீன முதலீடு' என்பார்கள். ஆனால், 2010-ல் திறந்த அந்தத் துறைமுகம் கட்டப்பட்டது சீன வங்கிக் கடனில். முதலீடு என்றால், நஷ்டம் வந்தால் முதலாளிக்கும் நஷ்டம். கடன் என்றால், கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் வட்டி கட்டணும். எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. 2017-ல்தான் நிஜ முதலீடு வந்தது. 99 வருட குத்தகை, சுமார் 112 கோடி டாலர். அந்தப் பணம் வந்ததால் பழைய கடன் தீர்ந்துவிடவில்லை.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. துறைமுகம் மட்டும் காரணம் இல்லை. சர்வதேசச் சந்தையில் பத்திரம் விற்று வாங்கிய கடன், 2019-ல் செய்த வரிக்குறைப்பு, கொரோனாவில் படுத்த சுற்றுலா என எல்லாம் சேர்ந்து கவிழ்த்தன.

மன்னார் கதையையும் சேர்த்துக்கோங்க. அதானி குழுமத்தின் காற்றாலைத் திட்டத்துக்கு மன்னார் மக்களும் பறவை ஆர்வலர்களும் எதிர்ப்பு காட்டினார்கள். புதிய அரசு மின்சார விலையை மறுபடி பேச வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. முதலீட்டை மறுப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. இறக்குமதி எரிபொருளுக்கு டாலர் தேடும் நாட்டுக்குக் காற்று மின்சாரமும் தேவைதானே!

மறுபடி நம்ம லோக்கல் ரயிலுக்கு...

இப்போ அந்தச் சண்டைக்குத் திரும்புவோம். ரெண்டு பேர் சொன்னதும் பாதி பாதி சரி.

வெளிநாட்டுப் பணம் வேலை கொண்டுவரும், புது டெக்னாலஜி கொண்டுவரும், டாலர் கொண்டுவரும். அதே பணம் லாபத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகும், சலுகை முடிந்தால் நடையைக் கட்டும், வரும்போது நிலமும் தண்ணீரும் கேட்கும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்த நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே வருடத்தில் வேலை இழந்தார்கள். அவர்களில் பலருக்கு அப்போது நம்ம வயசுதான். அந்த வளாகத்துக்குப் பிறகு செல்போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வந்தது உண்மை. ஆனால், நடுவில் போன வருடங்கள் யாருக்கும் திரும்பி வரவில்லை.

சென்னை பெரிய ஊர். ஒரு ஆலை மூடினால் இன்னொன்று தேடலாம். தீவுக்கும் கிராமத்துக்கும் அந்த வசதி இல்லை. மேய்ச்சல் நிலம் போனால் போனதுதான். தேர்வாய்கண்டிகையும் ஒரு விதத்தில் தீவுதான். சுற்றிக் கடல் இல்லை, அவ்வளவுதான்.

மூணு தீவும் சொல்லித்தருவது ஒரே விஷயம். பணம் எந்த நாட்டுது என்பதைவிட, கையெழுத்துப் போடும்போது நாம் என்ன கேட்டோம் என்பதுதான் முக்கியம். சிங்கப்பூர் பயிற்சியும் உள்ளூர்ப் பட்டறைக்கு வேலையும் கேட்டது. நாம் பெரும்பாலும் எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை என்ற ரெண்டு நம்பரோடு நிறுத்திவிடுகிறோம்.

அடுத்த வருடம் உங்க காலேஜுக்கும் கம்பெனிகள் வரும். சம்பளம் எவ்வளவு, கேன்டீன் எப்படி என்று கேட்டு முடித்ததும், இந்த நாலு கேள்வியையும் கேட்டுப் பாருங்க:

1. உங்க ஆலையில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், கான்ட்ராக்ட் எத்தனை பேர்?
2. சுற்றியுள்ள கிராமத்து ஐ.டி.ஐ., டிப்ளமோ பசங்களுக்கு என்ன பயிற்சி தர்றீங்க?
3. உதிரி பாகங்களில் எவ்வளவு இந்த மாவட்டத்துப் பட்டறைகளில் வாங்குறீங்க?
4. தண்ணீர் எங்கிருந்து எடுக்குறீங்க, கழிவு எங்கே போகுது?

"இதெல்லாம் கேட்டா வேலை குடுப்பாங்களா?" என்று பக்கத்து சீட் நண்பர் முழங்கையால் இடிப்பார். நியாயமான பயம்தான். எனக்கும் இருக்கு. வேலை நமக்கு வேணும். ஆனால், ஒரு நாள் அந்த ஆலையில் இன்ஜினீயராக உட்காரப்போவதும் நாம்தான். கேட்டுக்கு வெளியே மாடு ஓட்டிக்கொண்டு நிற்பவர், "தம்பி, எங்க மேய்ச்சல் நிலம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் நாம்தானே?