மணிக்கூண்டு ஓடிய மராத்தான்

மணிக்கூண்டு ஓடுமா?

ஓடியிருக்கிறது. 2019 ஏப்ரல் 28 அன்று நடந்த லண்டன் மராத்தானில் ஓடியது. தொலைவு 42.195 கிலோமீட்டர். லண்டனில் நாடாளுமன்றத்தை ஒட்டி நிற்கும் பிக் பென் மணிக்கூண்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே செய்த உயரமான கூட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் அவ்வளவு தூரத்தையும் 4 மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கப் போனார். முடிவுக்கோட்டில்தான் வம்பு வந்தது. மேலே இருந்த வளைவில் கூண்டின் உச்சி இடித்துக்கொண்டது. குனிந்தார், சாய்ந்தார், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் நின்ற பணியாளர் ஒருவர் கைகொடுக்க, ஒருவழியாகக் கோட்டைத் தாண்டினார். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அன்று 2 மணி 2 நிமிடம் 37 விநாடியில் ஓடி முதலில் வந்தவர் கென்யாவின் எலியுட் கிப்சோகே. நம் மணிக்கூண்டுக்காரருக்கு அந்த ஆசை எல்லாம் கிடையாது. மறதிநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கத்தான் அவர் ஓடினார்.

ஓடினால் பணம் எப்படி வரும்?

நல்ல கேள்வி. லண்டன் மராத்தான் 1981இல் தொடங்கியது. ஓட ஆசைப்படுகிறவர்கள் ஏராளம், இடங்களோ குறைவு. அதனால் ஒரு பகுதி இடங்கள் தொண்டு நிறுவனங்களுக்குப் போகின்றன. 'இவ்வளவு பணம் திரட்டித் தருகிறேன்' என்று வாக்குக் கொடுப்பவருக்கு நிறுவனம் ஓர் இடத்தைத் தரும். அவர் சொந்தக்காரர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் அலுவலக நண்பர்களிடமும் போய், "நான் ஓடப்போகிறேன், உங்களால் முடிந்ததைத் தாருங்கள்" என்பார். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து அவர் பயிற்சி செய்வதை அவர்கள் பார்க்கிறார்கள். சும்மா கேட்டால் யோசிக்கிறவர்கூட அப்போது கொடுத்துவிடுவார்.

2019இல் லண்டன் மராத்தான் தேர்ந்தெடுத்த தொண்டு முயற்சியின் பெயர் 'டிமென்ஷியா ரெவல்யூஷன்'. அல்சைமர்ஸ் சொசைட்டி, அல்சைமர்ஸ் ரிசர்ச் யுகே என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து நடத்தியது. பார்பரா வின்சர் என்ற புகழ்பெற்ற ஆங்கில நடிகைக்கு அல்சைமர் நோய் வந்திருந்தது. அவருடைய கணவரும், அவர் நடித்த 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் கலைஞர்கள் சிலரும் அன்று இதற்காகவே ஓடினார்கள். இந்த முயற்சிக்காக ஓடியவர்கள் எல்லாருமாகச் சேர்த்தது 40 லட்சம் பவுண்டுக்கு மேல்!

அல்சைமர் என்றால் என்ன?

தாத்தா மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறார். அது சாதாரண மறதி, உங்களுக்கும் எனக்கும் உண்டு. அல்சைமர் வேறு. காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. தெரிந்த தெருவிலேயே வழி தவறும். நாளடைவில் பெற்ற பிள்ளையின் முகமே புதிதாகத் தோன்றும். வயதான எல்லாருக்கும் இது வருவதில்லை. இது மூளையைத் தாக்கும் ஒரு நோய். 2021இல் உலகில் சுமார் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியா என்னும் மறதிநோயோடு வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குக் காரணம் அல்சைமர்தான்.

நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. அல்சைமர் வந்தவர் மூளையில் இரண்டு கோளாறுகள் தெரியும். ஒன்று, செல்களுக்கு வெளியே அமைலாய்டு என்ற புரதம் கட்டி கட்டியாகப் படிகிறது. மற்றொன்று செல்லுக்கு உள்ளே நடக்கிறது. அங்கே மெல்லிய குழாய்கள் உண்டு. செல்லுக்கு வேண்டிய பொருள்கள் அவற்றைப் பற்றிக்கொண்டுதான் இங்கிருந்து அங்கே போகின்றன. டௌ என்ற புரதம் அந்தக் குழாய்களை நிலையாக நிறுத்துகிறது. பந்தல் மூங்கில்களை இறுக்கிக் கட்டிய கயிறு என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்தால் கயிறு அவிழ்கிறது, அவிழ்ந்த கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, பந்தல் சரிகிறது. செல் மடிகிறது. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி முதலிலேயே அடிபடுவதால்தான் பழைய கதை நினைவிருக்க, இன்று காலை நடந்தது மறந்துபோகிறது.

யாரும் கேள்வி கேட்காத நாள்

இந்த நோயை முதலில் கண்டவர் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனைக்கு அகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அழைத்து வந்தார்கள். பெயரை எழுதச் சொன்னால், எழுதத் தொடங்கியதுமே மீதியை மறந்துவிடுவார். 1906இல் அவர் இறந்த பிறகு, அவர் மூளையின் மெல்லிய சீவல்களை வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார் அல்சைமர். படிவுகளும் சிக்கல்களும் தெரிந்தன. அந்த நவம்பரில் டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் கூடிய அவையில் அதைச் சொன்னார். அவையில் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை!

அந்தப் படிவில் இருப்பது எந்தப் புரதம் என்பது 1980களில்தான் தெரிந்தது. ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த நோய் வர ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றமே காரணம் என்று லண்டன் விஞ்ஞானிகள் 1991இல் கண்டறிந்தார்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து உதவியது அந்தக் குடும்பமேதான். படிவை அகற்றும் லெகனெமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா முழு ஒப்புதல் தந்தது 2023இல். சோதனையில் 18 மாதங்களில் அது நோயின் வேகத்தைச் சுமார் 27 சதவீதம் குறைத்தது. நோயை நிறுத்தவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வந்தன. இந்த இடத்துக்கு வருவதற்கே 117 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பணம் எங்கே போகிறது?

இத்தனை ஆண்டுகள் ஏன் பிடித்தன என்று யோசியுங்கள். ஒரு விஞ்ஞானி கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை பலிக்காமல் போகும். 'இது இல்லை' என்று தெரிந்துகொள்ளவே சில ஆண்டுகளும் நிறையப் பணமும் ஆகும். லாபம் பார்க்கும் நிறுவனம் அத்தகைய தொடக்கக் கேள்விக்குப் பணம் போடத் தயங்கும். அங்கேதான் ஓடிச் சேர்த்த காசுக்கு வேலை.

லண்டன் ஓட்டத்தில் திரண்ட பணம், 2017இல் தொடங்கிய யுகே டிமென்ஷியா ஆராய்ச்சி நிறுவனத்தின் பணிகளுக்குப் போனது. இந்தத் துறையில் விடை தேடும் கேள்விகள் சில இதோ: மூளையில் குப்பையைத் தின்று தீர்க்கும் மைக்ரோகிளியா செல்கள் ஏன் ஒரு கட்டத்தில் தடுமாறுகின்றன? படிவுகள் இருந்தும் சிலருக்கு மட்டும் நினைவு மங்காமல் இருப்பது எப்படி? மறதி தொடங்கும் முன்பே ஒரு சொட்டு ரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்கலாமா?

ஓடுகிறவர் மூளைக்கு ஏதாவது லாபம் உண்டா?

இதையும் சோதித்திருக்கிறார்கள். ஓடும் சக்கரம் வைத்த கூண்டில் வளர்ந்த எலிகளின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புச் செல்கள் அதிகம் பிறந்ததை 1999இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் கண்டார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் முதியவர்கள் 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டு வேகமாக நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. வெறுமனே கைகால் நீட்டி மடக்கியவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியது. நடந்தால் அல்சைமர் வரவே வராது என்று இதற்குப் பொருளல்ல. மூளைக்கு நல்லது என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

நீங்களும் ஒரு மராத்தான் நடத்தலாம்

42 கிலோமீட்டரைத் தனியாளாக ஓடும் வயது உங்களுக்கு இல்லை. வகுப்பே சேர்ந்தால் முடியும். 400 மீட்டர் ஓடுதடத்தில் 106 சுற்று முடித்தால் மராத்தான் தூரம் வந்துவிடும். 36 பேர் ஆளுக்கு 3 சுற்று ஓடினால் 108 சுற்று, அதாவது 43.2 கிலோமீட்டர். மராத்தானையே மிஞ்சிவிட்டீர்கள்! ஓட முடியாதவர் நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம், சுற்றுகளை எண்ணலாம்.

ஆசிரியரைக் கேட்டு ஒரு நாள் குறியுங்கள். செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள், அன்றே வைத்துக்கொள்ளலாம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். பணம் எந்த அமைப்புக்குப் போகிறது, அவர்கள் அதைக் கொண்டு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள் என்பதையும் விசாரித்து, அந்தக் கேள்வியைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி மைதானத்தில் மாட்டுங்கள். பத்து ரூபாய் கொடுத்த பெட்டிக்கடைத் தாத்தாவும் அதைப் படித்துவிட்டு உங்களிடம் ஏதாவது கேட்பார். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.