விளம்பரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்? முதலில் நம்ம கணக்கு!



சம்பா அறுவடை முடிந்த கையோடு பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். தூயமல்லியும் சீரகச் சம்பாவும் போடுபவர். "சார், வெப்சைட் போட்டாச்சு. ஆர்டர்தான் வரல. வீட்ல இருக்கிற நகையை வச்சு முப்பதாயிரம் எடுத்து ஆன்லைன்ல விளம்பரம் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். வங்கியில் எத்தனையோ நகைக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். "தம்பி, அவசரப்படாதீங்க. நான் பட்டதை முதல்ல கேளுங்க" என்றேன்.

சில வருஷம் முன்பு நானும் 5,000 ரூபாய் கட்டினேன். 18 சதவீத ஜிஎஸ்டி போக விளம்பரத்துக்கு மிஞ்சியது 4,237 ரூபாய். நாலே நாளில் 350 கிளிக், பணம் காலி. வந்த ஆர்டர் மூன்று! 'காஞ்சிபுரத்திலிருந்து நேரடி விற்பனை' என்று தலைப்பு வைத்திருந்தேன். கிளிக் செய்தவர்களில் பாதிப் பேர் பட்டுப் புடவை தேடி வந்தவர்கள். தப்பு என்னுடையதுதான். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், விளம்பர விதிகளைப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் கோயிலுக்கு வருபவர்களைப் புடவைக் கடைக்குக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. வியாபாரம் முடிந்தால்தான் அவர்களுக்குக் கமிஷன். கிளிக் விளம்பரம் அப்படி இல்லை. வாசல் வரை ஆளைக் கொண்டுவந்து விட்டாலே கூலி கொடுத்தாக வேண்டும். வந்தவர் வாங்குவது நம் பாடு. அதனால் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நம் கணக்குதான் சொல்ல வேண்டும்.

என் கணக்கு இது. 5 கிலோ அரிசிப் பை 600 ரூபாய். சாகுபடி, அரவை, பை, கூரியர் எல்லாம் சேர்த்து 480. மிச்சம் 120. புதிதாக வரும் 10 பேரில் 6 பேர் ஒரு தடவையோடு சரி. அவர்களால் கிடைப்பது 720 ரூபாய். மீதி 4 பேர் வருஷத்துக்கு 6 முறை வாங்குகிறார்கள். அவர்களால் 2,880. மொத்தம் 3,600. ஆக, ஒரு புது வாடிக்கையாளரால் வருஷத்துக்கு 360 ரூபாய். அதில் பாதி, அதாவது 180 ரூபாய்தான் அவரைப் பிடிக்க நான் செலவழிக்கலாம். மீதி என் உழைப்புக்கு.

கடைப் பக்கத்துக்கு வரும் 100 பேரில் 4 பேர் வாங்கினால், 100 கிளிக்குக்கு 720 ரூபாய் தாங்கும். ஒரு கிளிக்குக்கு 7 ரூபாய் 20 காசு. ஜிஎஸ்டியைக் கழித்தால் 6 ரூபாய். இதற்கு மேல் போனால் என் உழைப்புக்கான பங்கிலிருந்து கொடுப்பதாக அர்த்தம்.

அடுத்து, கூகுள் விளம்பரம் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• நாம் தேர்ந்தெடுக்கும் ஊரில் 'இருப்பவர்கள்' மட்டுமல்ல, அந்த ஊரில் 'ஆர்வமுள்ளவர்களும்' வழக்கமாகச் சேர்ந்தே இருப்பார்கள். 'இருப்பவர்கள்' மட்டும் என்று மாற்றுங்கள். கூரியர் மறுநாளே போய்ச் சேரும் ஊர்களை மட்டும் வையுங்கள்.

• வேண்டாத சொற்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. புடவை, பட்டு, வேலைவாய்ப்பு, இலவசம் போன்றவற்றை அதில் போடுங்கள். அப்படித் தேடுபவர்களுக்கு நம் விளம்பரம் போகாது.

• 'அரிசி' என்று பொதுவாக வைக்காமல் 'தூயமல்லி அரிசி வாங்க' என்று வையுங்கள். இது ஒரு ஏலம்தான். ஆனால் அதிக விலை கேட்டவருக்கே முதலிடம் என்றில்லை. தேடியதற்கு விளம்பரமும் கடைப் பக்கமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதும் கணக்கில் வரும்.

• தினசரிச் செலவுக்கு வரம்பு வையுங்கள். பத்து நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படித் திருத்தி, தினம் 200 வீதம் பத்து நாள் கொடுத்தேன். வரியோடு 2,360 ரூபாய். வந்த ஆர்டர் 14. ஓர் ஆர்டருக்கு 169 ரூபாய். கணக்குக்குள் அடங்கிவிட்டது.

ஆனால் பணம் கட்டும் முன் இலவசமாகக் கிடைப்பதைச் செய்து முடியுங்கள். கூகுள் மேப்பில் நம் விற்பனை இடத்தைப் பதிய காசு கிடையாது. வாட்ஸ்அப் பிசினஸில் விலையோடு பொருள் பட்டியல் வைக்கலாம். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு போட்டு, "எங்கள் எண்ணைச் சேமித்து வையுங்கள்" என்று எழுதுங்கள். சேமித்தவர்களுக்குத்தான் நாம் மொத்தமாக அனுப்பும் அறுவடைச் செய்தி போய்ச் சேரும். திரும்ப வாங்குபவர் 4 பேர் 5 ஆனாலே மேலே சொன்ன 360, 420 ஆகிவிடும்.

இன்னொன்று. 'கருப்புக் கவுனி சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்றெல்லாம் போடாதீர்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி, தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிட, நம்பி வாங்குபவரிடம் பொய் சொன்னால் நஞ்சில்லா உணவு என்ற பேச்சுக்கே மரியாதை போய்விடும். என்ன ரகம், எந்த வயல், எப்போது அறுத்தது, என்ன இடுபொருள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அது போதும்.

அந்தத் தம்பி நகையை வைக்கவில்லை. என் திண்ணையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவர் கிளிக்குக்கு 4 ரூபாய்தான் தாங்கும் என்று வந்தது. இப்போது பைக்குள் சீட்டு போட ஆரம்பித்திருக்கிறார். 1,000 ரூபாயில் முதல் விளம்பரத்தை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

நீங்களும் பணம் கட்டும் முன் ஒரு துண்டுத்தாளும் பேனாவும் எடுங்கள்.