மன உளைச்சலும் மதுவும்: மூளைக்குள் நடப்பது என்ன?

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதாகும். உழைப்பாளியின் ஊதியத்தை எது விழுங்குகிறது என்பதை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. பிள்ளைகளிடம் அன்புள்ளவர், "இனித் தொடமாட்டேன்" என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவர், மறுவாரமே மீண்டும் குடிப்பது ஏன்?

மானமற்றவர் என்று கூறி நாம் அமைந்துவிடுகிறோம். மூளையை ஆராய்ந்த விஞ்ஞானிகளோ வேறு விடை தருகின்றனர்.

1954ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியால் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர், எலியின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினர். ஒரு விசையை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட பகுதிக்கு மின்சாரம் செல்லும். எலி அவ்விசையை மீண்டும் மீண்டும் அழுத்தலாயிற்று. மூளையில் இன்பத்துக்கும் ஊக்கத்துக்கும் உரிய பாதை ஒன்று உண்டென்பது அதனால் தெரியவந்தது. அப்பாதையில் செய்தி கொண்டு செல்லும் இரசாயனப் பொருளுக்கு டோப்பமின் என்று பெயர். மூளையில் டோப்பமினுக்குத் தனிப்பணி உண்டென்பதை 1950களின் இறுதியில் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

பசித்தவன் உண்ணும்போதும் டோப்பமின் சுரக்கிறது. "இது நல்லது, மறவாதே, மீண்டும் செய்" என்று அது மூளைக்குக் கற்பிக்கிறது. மது, சிகரெட், ஹெராயின் ஆகியவை இதே பாதையில் புகுந்து, அளவுக்கு மீறி அதைத் தூண்டுகின்றன.

பால்மரத்தை அறிந்த நமக்கு இதை விளக்குவது எளிது. ஓய்வின்றி அளவுக்கு மீறிச் சீவினால், முதலில் பால் மிகுதியாக வடியும். பின்னர்ப் பட்டை காய்ந்து, பால் நின்றுபோகும். மூளையும் அவ்வாறே. நாள்தோறும் தூண்டப்படுவதால் அதன் உணர்திறன் மங்குகிறது. பழைய அளவு போதாமற் போகிறது. பிள்ளையின் சிரிப்பும் தீபாவளிப் பலகாரமும் சுவையற்றுப் போகின்றன.

இத்துடன் முடிந்ததா? இல்லை. அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜார்ஜ் கூப் மற்றொரு பக்கத்தையும் காட்டினார். ஆபத்தில் நம்மைக் காக்க மூளையில் மன உளைச்சலுக்குரிய இரசாயனங்கள் சுரக்கின்றன. போதை தெளியும் வேளையில் இவை பொங்கி எழுகின்றன. படபடப்பு, எரிச்சல், உறக்கமின்மை, இனம்புரியாத துயரம் ஆகியவை அதன் விளைவுகள். தொடக்கத்தில் இன்பத்துக்காகக் குடித்தவர், பின்னர் இத்துன்பம் தணியவே குடிக்கிறார். குடி உளைச்சலை வளர்க்கிறது; உளைச்சல் குடியை வளர்க்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. அங்கு வாழ்ந்தோர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். வேலை, வாடகை, கடன், உறவினரின் பிரிவு என உளைச்சலுக்குக் காரணங்கள் பலவாயின. மலிவு மது அதற்கு மருந்தாகாது. உயிரையே பறிக்கவும் கூடும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவை அருந்தி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறத்தலாகாது.

குடும்பத்தார் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தச் செய்வது ஆபத்தானது. மது அடக்கிவைத்திருந்த மூளை, அது நீங்கியதும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழும். முதல் சில நாள்களில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காணும் மயக்கம் ஆகியவை தோன்றலாம், மரணமும் நேரலாம். ஆகவே நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரை அணுகுக. வலிப்போ மனக்குழப்பமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகள் உள்ளன.

ஹெராயினுக்கு அடிமையானோருக்கு மெத்தடோன் சிகிச்சை நம் நாட்டில் 2005இல் தொடங்கப்பட்டது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென்றே ஓர் ஆய்வு மையம் செயற்பட்டு வருகிறது. இதனை நோயாகக் கருதிச் சிகிச்சை தரும் காலம் இது.

நோய் என்றதனால் பொறுப்பு நீங்கிவிடாது. நீரிழிவு உள்ளவர் உணவைக் கட்டுப்படுத்துவது போல, இவரும் தம் பங்கைச் செய்தாக வேண்டும். அடிப்பவரிடமிருந்து மனைவியும் மக்களும் பாதுகாப்புத் தேடுவதில் தவறேதுமில்லை. ஆனால் ஒருமுறை தவறியவரை எள்ளி நகையாடுவதால் உளைச்சலே பெருகும். அதன் முடிவு மீண்டும் குடியே. ஓய்வு கொடுத்த மரம் மெல்லத் தேறுவதுபோல, மூளையும் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தேறுகிறது. அதுவரை பொறுமையோடு துணைநிற்றல், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியாயினும் கிள்ளான் தோட்டப்புறமாயினும், நம் அனைவரின் கடமையாகும்.