உள்ளடக்க உடற்கல்வி: பாயான் லெப்பாஸ் தொடக்கப்பள்ளிச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

உடற்கல்விப் பாட வேளையில் திடலோரத்தில் அமர்ந்து, பிற மாணவர்களின் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவலிருக்கும் குழந்தையைப் பள்ளிகளில் காண்பது அரிதன்று. மூளை முடக்குவாதமோ பார்வைக் குறையோ உடைய அக்குழந்தைக்கு அடிபட்டுவிடக் கூடாது என்னும் நல்லெண்ணமே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். ஆயினும் கணிதப் பாடத்தில் எந்த மாணவரையும் மற்றவர் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்குமாறு ஆசிரியர் சொல்வதில்லை. உடற்கல்வியும் ஒரு பாடமே. அப்பாடத்திலிருந்து குழந்தையை விலக்காமல், குழந்தைக்கேற்பப் பாடத்தை மாற்றுவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை பாயான் லெப்பாஸ் வட்டாரச் சூழலில் வைத்து விளக்க முற்படுகிறது.

தனிப்பள்ளியிலிருந்து அண்டைப் பள்ளிக்கு

சிறப்புத் தேவை உடையோருக்கான கல்வியில் பினாங்கிற்கு நீண்ட வரலாறு உண்டு. 1926இல் மலாக்காவில் தோன்றிப் பின்னர்ப் பினாங்கிற்கு இடம்பெயர்ந்த பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லமும், 1954இல் நிறுவப்பட்ட கூட்டரசு காதுகேளாதோர் பள்ளியும் இதற்குச் சான்றுகள். இவை தனி நிறுவனங்கள். 1994ஆம் ஆண்டின் சலமாங்கா அறிக்கைக்குப் பின்னர், பொதுப் பள்ளியிலேயே எல்லாக் குழந்தைகளும் பயில வேண்டும் என்னும் கொள்கை உலகளவில் வலுப்பெற்றது. மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் இயற்றப்பட்டது. 2010இல் நாடு ஐக்கிய நாடுகள் அவையின் உடற்பேறு குறைந்தோர் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 30ஆம் விதி, பள்ளிக்குள் நிகழும் விளையாட்டிலும் இக்குழந்தைகளுக்குச் சம வாய்ப்பு வேண்டுமென வலியுறுத்துகிறது. 2019இல் எக்குழந்தையையும் திருப்பி அனுப்பாக் கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்தியது.

பாயான் லெப்பாசில் இதற்குத் தனிப் பொருளுண்டு. 1972இல் இங்குத் தொடங்கப்பட்ட தடையற்ற தொழில் வட்டாரத்தைச் சுற்றி அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின. சுழல்முறை வேலை பார்க்கும் பெற்றோர் பலருக்குப் பிள்ளையைத் திடலுக்கு அழைத்துச் செல்ல நேரம் வாய்ப்பதில்லை. இத்தகைய குடும்பத்துக் குழந்தைக்குப் பள்ளியின் உடற்கல்வி வேளையே முறையான உடலியக்கத்திற்குரிய ஒரே வாய்ப்பாக அமையக்கூடும். அதுவும் பறிபோனால் இழப்பை ஈடுசெய்ய வேறு வழியில்லை.

மாற்றத்திற்குரிய நான்கு கூறுகள்

பாடத்தை மாற்றியமைக்க இடம், பணி, கருவி, ஆள் ஆகிய நான்கு கூறுகளையும் ஆசிரியர் வரிசையாக எண்ணிப் பார்த்தல் பயன்தரும்.

இடம்: சக்கர நாற்காலி புல்தரையில் எளிதில் உருளாது. எனவே பந்தெறியும் பாடத்தை மண்டபத்திற்கோ சிமெந்துத் தளத்திற்கோ மாற்றலாம், எல்லைக்கோட்டைச் சுருக்கலாம்.

பணி: அனைவருக்கும் நோக்கம் ஒன்றாக இருக்க, அடையும் வழி வேறுபடலாம். ஒருவர் ஓடி வந்து எறிய, மற்றொருவர் அமர்ந்தபடி எறியலாம்.

கருவி: பந்தை நெகிழிப் பையில் சுற்றினால் உருளும்போது ஓசை எழும், பார்வைக் குறையுடையவர் அதன் திசையை உணர்வார். காற்று குறைந்த பெரிய பந்து மெதுவாக வருவதால் பிடிப்பதும் எளிது.

ஆள்: இணையர் முறையில் துணை மாணவரை அமர்த்தலாம். ஆனால் அத்துணைவர் வாரந்தோறும் மாற வேண்டும். இன்றேல் நட்பு கடமையாகிவிடும்.

இந்நான்கும் ஒருங்கே அமைந்த விளையாட்டுக்குப் போச்சியா நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் தம் பந்துகளைச் சேர்ப்பதே இதன் இலக்கு. ஓரணிக்குச் சிவப்புப் பந்துகள் ஆறும் மற்ற அணிக்கு நீலப் பந்துகள் ஆறும் வழங்கப்படும். கையால் எறிய இயலாதவர் சரிவுப்பலகை வழியே உருட்டலாம். தோக்கியோ 2020 பாராலிம்பிக்கில் மலேசியாவின் சியூ வெய் லுன் இவ்விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் வென்றார். துணியில் மணல் நிரப்பித் தைத்த பந்துகளைக் கொண்டே வகுப்பு முழுவதும் இதனை விளையாடலாம்.

நம் மரபு விளையாட்டுகளிலும் இத்தன்மை உண்டு. கண்ணாமூச்சியில் பார்வையை மறைப்பதும் நொண்டியில் ஒரு காலை மடக்குவதும் ஆட்டத்தின் விதிகள். தடை ஒருவருக்குரிய குறையாகாமல், முறை வரும்போது யாவரும் ஏற்கும் பொதுவிதியாகிறது. எனினும் 'நொண்டி' என்னும் சொல் ஏளனமாகவும் வழங்குவதால், வேறு பெயரிட்டு ஆடச் செய்தலே நன்று.

பாதுகாப்பும் வெளிப்புற நடவடிக்கையும்

உள்ளடக்கம் என்பது கவனமின்மை ஆகாது. டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகள் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கும். மருத்துவர் கருத்தறியாமல் அவர்களை முன்னுருளல் செய்யவிடலாகாது. வலிப்பு நோயுடையவர் நீரில் இறங்கினால் அவருக்கென ஒருவர் உடனிருந்து கண்காணிக்க வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்படும். ஈளை நோயுள்ள குழந்தைகளுக்கு அதற்கு முன்பே விழிப்புத் தேவை.

சுற்றுலாவிற்கான இடத்தையும் ஆராய்ந்து தேர்தல் வேண்டும். 1884இல் தோன்றிய பினாங்குத் தாவரவியல் பூங்காவில் தார்ப்பாதைகள் உள்ளன; 2003இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட தெலோக் பஹாங் தேசியப் பூங்காவின் காட்டுத்தடங்களிலோ வேர்களும் படிகளும் மிகுதி. ஆசிரியர் முன்கூட்டியே சென்று நடைதூரம், நிழல், கழிவறை ஆகியவற்றைப் பார்த்துவருதல் இன்றியமையாதது. ஒருவரைப் பேருந்திலேயே அமர்த்திவிட்டு மற்றவர் மலையேறுவது கல்விப் பயணமாகாது.

மதிப்பீடு

நான்காம் ஆண்டு முதல் நடத்தப்பெறும் செகாக் உடல்தகுதிச் சோதனையில் பலகை ஏறியிறங்கல், தண்டால் முதலியன இடம்பெறுகின்றன. இவற்றைச் செய்ய இயலாதவரைப் பட்டியலிலிருந்து நீக்குவதைவிட, அவரது சென்ற பருவ அளவோடு இப்பருவ அளவை ஒப்பிட்டுப் பதிவுசெய்தல் பொருத்தமாகும். சக்கர நாற்காலியைத் தானே பத்து மீட்டர் தள்ளியவர் அடுத்த பருவத்தில் இருபது மீட்டர் தள்ளுவாராயின் அதுவும் அடைவே.

முடிவுரை

மேற்கூறிய மாற்றங்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பாடக்குறிப்பு எழுதும் போதே எல்லா மாணவரையும் மனத்திற்கொண்டு எழுதும் பழக்கமே தேவை. பாடம் எழுதி முடித்தபின் ஒரு குழந்தைக்கு அதில் இடம் தேடுவதால்தான் திடலோர நாற்காலி எஞ்சுகிறது. தொடக்கப்பள்ளியில் 'என்னால் இயலாது' என்று கற்றுக்கொண்ட உடல், வளர்ந்தபின் அதனை எளிதில் மறப்பதில்லை. ஆதலின் இம்மாற்றம் முதலாம் ஆண்டிலேயே தொடங்குதல் தகும்.