வத்தல்மலைப் பாதையில் ஒரு கல்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, தர்மபுரி நண்பர் ஒருவருடைய மின்சாரக் காரில் வத்தல்மலைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, முந்தைய இரவு மழையில் மலைச்சரிவிலிருந்து உருண்டு பாதையில் கிடந்த கல்லொன்று, வளைவு திரும்பும் கணத்தில் எங்கள் கண்ணுக்குத் தப்பி, வண்டியின் அடிவயிற்றில் பலத்த ஓசையுடன் இடித்துவிட்டது. நண்பர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சாதாரணமாகப் பதற்றப்படுகிறவரல்லர். அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, தோளிலிருந்த துண்டை ஈரத் தரையில் விரித்து மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தில் அடிப்பாகம் முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் பரிசோதித்தார். "பழைய பெட்ரோல் காரில் எத்தனை கல் இடித்திருக்கும்! ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. இதில் அடியில் இருப்பது பேட்டரி சார், நான் ரிட்டயரானபோது வந்த பணத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது" என்றார்.

நல்லவேளையாகக் கீறல் மட்டுமே. எனினும் அந்தக் கல் பேட்டரிப் பெட்டியைப் பிளந்திருந்தால் அந்த நஷ்டத்தை யார் ஏற்றிருப்பார்கள் என்ற கேள்வி, மலையுச்சி வரையிலும் எங்களோடு பிரயாணம் செய்தது.

தர்மபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், மூவாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி இது. சாமையும் ராகியும் கடுகும் விளைந்த சரிவுகளில் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும் மிளகும் வளர்கின்றன. விளைபொருளைத் தலைச்சுமையாகவும் கழுதை மேலும் ஏற்றிக் கீழே கொண்டுசென்ற தலைமுறையினர் இன்னும் அவ்வூர்களில் இருக்கிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு பாதை அமைந்து, பஸ்ஸும் வந்து, இப்போது சத்தமில்லாத மின்சார வண்டிகளும் ஏறத் தொடங்கியிருப்பது மனத்துக்கு நிறைவளிக்கும் மாறுதல். இறங்கும்போது பிரேக் பிடித்தால் வண்டியின் வேகம் மின்சாரமாக மாறிப் பேட்டரிக்கே திரும்புவதால், மலைப்பாதை இவ்வண்டிக்குச் சிநேகமானதுதான். ஆனால் இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் அந்தச் சிநேகத்தைக் காணோம்.

சர்க்காரின் எண்ணத்தில் குறைவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி, நம்முடைய வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கான 'தர்ட் பார்ட்டி' காப்பீடு கட்டாயம். அதன் கட்டணத்தைக் கம்பெனிகள் அல்ல, மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த பட்டியலில் மின்சார வாகனங்களுக்கு 15 சதவீதச் சலுகை தரப்பட்டது. 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள பெட்ரோல் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய் என்றால், 30 முதல் 65 கிலோவாட் வரையுள்ள மின்சாரக் காருக்கு 2,904 ரூபாய். ஐந்நூற்றுச் சொச்சம் மிச்சம், மகிழ்ச்சியே. ஆனால் நண்பர் கட்டிய பிரீமியத்தில் இது மிகச் சிறிய பங்கு. பெருஞ்செலவு, நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதியில் இருக்கிறது. அதன் விலையை 2007 முதல் கம்பெனிகளே தீர்மானிக்கின்றன. காரின் விலை உயர உயர அதுவும் உயர்கிறது. மின்சாரக் காரை வாங்கும்போது ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதே காருக்குக் காப்பீடு எடுத்தால் பிரீமியத்தின்மீது 18 சதவீதம்! ஒரு கையால் கொடுத்த சலுகையை மறு கையால் வாங்கிக்கொள்வது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம். முழுக் காப்பீட்டுப் பத்திரத்தில் தீ, தானே தீப்பற்றுதல், திருட்டு, வெள்ளம், புயல் ஆகியவற்றோடு நிலச்சரிவும் பாறைச்சரிவும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. வெளியிலிருந்து தற்செயலாக நேரும் மோதலும் அதில் அடக்கம். ஆகையால் கல் இடித்துப் பேட்டரி சேதமுற்றால் நஷ்ட ஈடு உண்டு. எவ்வளவு என்பதில்தான் சிக்கல். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றை மாற்றும்போது விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிக்க வேண்டுமென்பது, மோட்டார் டாரிஃப் என்ற காப்பீட்டுக் கட்டணத் தொகுப்பின் பழைய விதி. அவ்விதி எழுதப்பட்ட காலத்தில் பேட்டரி என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்ய உதவும், சில ஆயிரம் ரூபாய் பெறுமான, மூன்று நான்கு ஆண்டுகளில் தூக்கியெறியப்படும் ஈயப் பேட்டரி. இன்றோ அதே சொல், காரின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக விழுங்கி, எட்டு ஆண்டு வாரண்டியோடு விற்கப்படும் ஒரு பெரும்பொருளைச் சுட்டுகிறது. பேட்டரி ஆறு லட்சம் என்று வைத்துக்கொண்டால், கூடுதல் காப்பீடு ஒன்றும் எடுக்காதவர் தம் கையிலிருந்து மூன்று லட்சம் எடுத்துவைக்க நேரலாம். வாரண்டியோ தயாரிப்புக் குறைக்கு மட்டுமே பொறுப்பேற்கும்; கல்லுக்கு ஏற்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாங்கி மூன்றாண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்பில், அதாவது ஐ.டி.வி.யில், 40 சதவீதம் கழிக்கப்படுகிறது. பதினைந்து லட்ச ரூபாய்க் கார் ஒன்பது லட்சமாகிறது. பழுது பார்க்கும் செலவு இதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நஷ்டமென்று முடிவாகிவிடும். ஆறு லட்ச ரூபாய்ப் பேட்டரியும் கூலியும் வேறு சில உதிரிப் பாகங்களும் சேர்ந்தால் அந்த ஆறே முக்கால் லட்சம் எட்டாத தூரத்தில் இல்லை. கதவும் கண்ணாடியும் இருக்கையும் புத்தம்புதிதாய் இருக்க, அடிப்பெட்டி ஒன்றினால் கார் முழுவதும் காயலான் கடைக்குப் போகும். கம்பெனிகள் பிரீமியத்தை உயர்த்துவதற்கு இந்த அச்சம் உண்மையான காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2023இல் பிரிட்டனில் ஜான் லூயிஸ் நிறுவனம் மின்சாரக் கார்களுக்குக் காப்பீடு வழங்குவதையே நிறுத்திவைத்ததை நினைத்தால், இது நம் ஊருக்கு மட்டுமான சங்கடமன்று என்பது விளங்கும்.

வெள்ளத்தின் கதை வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது, நிறுத்தி வைத்திருந்த வாகனங்கள் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்ட காட்சியை நாமெல்லாரும் பார்த்தோம். வெள்ளம் காப்பீட்டில் அடக்கம். ஆனால் தண்ணீர் வடிந்தபின் பொறுமையிழந்து வண்டியை இயக்கி, அதனால் மின்னமைப்பு கெட்டால், அது 'பின்விளைவு நஷ்டம்' என்று மறுக்கப்படலாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் கிராமத்தில் சார்ஜ் செய்யும்போது உள்ளே ஏதேனும் பழுதானால், 'மின் பழுது' என்று அதுவும் தள்ளப்படக்கூடும். விபத்துக்குள்ளான வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசேர்க்கப் பழைய டாரிஃப் பத்திரம் தருவது 1,500 ரூபாய். மின்சாரக் காரைச் சக்கரம் உருளக் கயிறு கட்டி இழுத்தால் மோட்டார் கெடும். லாரிமேல் ஏற்றித்தான் இறக்க வேண்டும். வத்தல்மலை உச்சியிலிருந்து அந்தத் தொகைக்கு எந்த லாரி வரும்?

என் அபிப்பிராயம் இதுதான்: ஓட்டும் பேட்டரியை, ஸ்டார்ட் செய்யும் பேட்டரியோடு ஒரே வரியில் வைத்திருக்கும் தேய்மான விதியை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பிரித்து எழுத வேண்டும்; ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாகக் குறையும் தனி அட்டவணை அதற்கு வேண்டும். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகும் இக்காலத்தில், ஈயப் பேட்டரிக் காலத்து விதி நீடிப்பது தகாது.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஷோரூமில் அவசரமாக நீட்டப்படும் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன், 'பம்பர் டு பம்பர்' என்று வழங்கும் தேய்மானமில்லாக் காப்பீட்டில் ஓட்டும் பேட்டரி சேருமா, சார்ஜ் செய்யும்போது நேரும் சேதமும் தண்ணீர் புகுந்த சேதமும் சேருமா, மலையிலிருந்து வண்டியை இறக்கும் செலவு எவ்வளவு கிடைக்கும் என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். பதிலை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் வாங்கி, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.